நல்ல கிட்டாருக்குப் பிக்கப்: பத்து ரூபாய் டிஸ்க்கில் தொடங்கி

என் கிட்டார் இப்போது ஸ்பீக்கரில் ஊளையிடுவதில்லை. கீபோர்டுக்கு அடியில் புதைவதும் இல்லை. தேவாலயத்தின் கடைசி பெஞ்சு வரை தெளிவாகக் கேட்கிறது. அதற்காகப் பொருத்திய பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் கருவி), மாற்றிய கம்பிகள், போட்ட ஓட்டை, வைத்த ஈயம் எல்லாவற்றையும் நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன். விலை உயர்ந்த மரக் கிட்டார் ஒன்றை வாங்கிவிட்டு, அதில் கை வைக்கப் பயந்துகொண்டிருப்பவர்களுக்கு உதவலாம்.

கிட்டார் ஓஎம் (ஆர்கெஸ்ட்ரா மாடல்) வடிவம். ஸ்கேல், அதாவது கம்பி அதிரும் நீளம், 25.4 அங்குலம், அதாவது 645 மி.மீ. மேல்பலகை முழு ஸ்ப்ரூஸ், பின்பலகையும் பக்கங்களும் ஈட்டி மரம். ப்ளைவுட் எங்கும் கிடையாது. கம்பிகளை இரு முனையிலும் தாங்கும் நட், சேடில் இரண்டும் எலும்பு. செகண்ட் ஹேண்டில் வாங்கியே ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை என்பதும் நான் இதை வாங்க ஒரு காரணம். பக்கப் பலகையைச் சதுரமாக வெட்டி ஈக்வலைசர் பெட்டியைச் செருகிய கிட்டார்கள் எனக்குப் பிடிப்பதில்லை. பெட்டி சில வருடங்களில் செத்துவிடும், மாற்றுப் பெட்டி அதே அளவில் கிடைக்காது, ஓட்டை மட்டும் அப்படியே நிற்கும்.

வாசிப்பது அல்சூர்ப் பக்கம் ஒரு தேவாலயத்தில், ஞாயிறு தமிழ்த் திருப்பலியில். பாடகர் குழுவில் கீபோர்டு, தபலா, ஏழெட்டுக் குரல்கள், நான். உயரமான கூரை, தூணுக்குத் தூண் நீளப் பெட்டி ஸ்பீக்கர், நீளத் தண்டில் தொங்கும் மின்விசிறிகள். கிட்டாருக்கு முன்னால் மைக் வைத்தால் அதில் பாதி விசிறிக் காற்று, மீதியில் பாதி தபலா. சவுண்ட் பார்க்கும் அண்ணன் ஒருநாள் கேட்டார்: "தம்பி, உங்களை ஏத்துனா தபலாவும் சேந்து ஏறுது. நான் என்ன பண்ணட்டும்?" பிக்கப் தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

கம்பி, முதல் சுற்று

முதலில் கம்பியை முடிவு செய்துவிட்டு, அந்தச் சத்தத்துக்கு ஏற்ற பிக்கப்பைப் பார்க்கலாம் என்பது என் திட்டம். வரிசை தலைகீழ் என்பது கடைசியில்தான் தெரிந்தது.

பழைய உரிமையாளர் போட்டிருந்தது 13-56, மீடியம் செட். இந்த எண்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. மெல்லிய இ கம்பி 0.013 அங்குலம், தடித்த இ கம்பி 0.056 (ஆறு கம்பிகளும் தடித்ததிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ). இந்த ஸ்கேலில் ஒரு மீடியம் செட் மொத்தமாகச் சுமார் 85 கிலோ இழுக்கும். 12-53 லைட் செட் என்றால் 73 கிலோ அளவில் நிற்கும். ஓஎம் போன்ற சின்ன உடலுக்குள் பிரேசிங் (மேல்பலகையைத் தாங்கும் உள்கட்டைகள்) மெல்லியதாகவே இருக்கும். ப்ரிட்ஜுக்கு (கம்பிகளைப் பூட்டும் கட்டை) பின்னால் ஸ்டீல் அளவுகோலைக் குறுக்கே வைத்துப் பார்த்தேன். பலகை தேவைக்கு மேல் உப்பியிருந்தது. 12-53க்கு இறங்குவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

இழுவை குறைந்தால் கழுத்து பின்னால் சாயும். கழுத்தில் குறுக்கே பதித்த முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, 14ஆவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃப்ரெட்டில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்தேன். முன்பு 0.3 மி.மீ இடைவெளி இருந்த இடத்தில் 0.1 மி.மீ தகடே சிரமப்பட்டுத்தான் போனது. கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, ஒரு ராத்திரி விட்டு மறுபடி அளந்ததில் 0.2 வந்தது. அதோடு கையை எடுத்துவிட்டேன். ட்ரஸ் ராடைத் திருகத் தொடங்குபவர்கள் எளிதில் நிறுத்த மாட்டார்கள்.

கேஜ் (தடிமன்) முடிவானதும் மேல்சுற்றின் உலோகம். கடையில் கண்ணில் படுவது முக்கியமாக இரண்டு. ஒன்று 80/20. 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம். பெயரில் வெண்கலம் என்றாலும் கலவைப்படி பித்தளைதான். மணி போன்ற பளிச்சென்ற சத்தம், ஆனால் சீக்கிரம் மங்கும். மற்றது பாஸ்பர் பிரான்ஸ். செம்போடு 8 பங்கு அளவுக்குத் தகரம், துளி பாஸ்பரஸ். 1974இல் டடாரியோ கொண்டுவந்தது. சத்தத்தில் கொஞ்சம் சூடும் அடர்த்தியும் இருக்கும், ஆயுளும் கூட. இந்த இரண்டிலும் மேலே மெல்லிய படலம் பூசிய வகை உண்டு. 1997இல் எலிக்சர் அதைப் பரவலாக்கியது. விலை இரண்டு மடங்கு. நிக்கலும் செம்பும் கலந்த மோனெல் கம்பியும் ஒரு செட் வாங்கினேன். அது உலர்ந்த, அடங்கிய சத்தம் தரும்.

எல்லாவற்றையும் ஒரே பாட்டில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, மொபைலை ஒரே இடத்தில் வைத்துப் பதிவு செய்தேன். எது எது என்று சொல்லாமல் மனைவியிடம் போட்டுக் காட்டினேன். அவர் பாடகர் குழுவில் ஆல்டோ (பெண் குரல்களில் கீழ்ச் சுருதி) பாடுபவர். அவர் தேர்ந்தெடுத்தது, கழற்றுவதற்கு முன்னால் பதிவு செய்திருந்த பழைய, கறுத்துப்போன செட்டை. "இதுலதான் என் குரலுக்கு இடம் இருக்கு" என்றார். காசு கொடுத்து வாங்கிய நான்கு புதுச் செட்டும் மேசையில் கிடந்தன. ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. புதுக் கம்பியின் பளபளப்பு மெல்லிய குரல்களின் மேல் ஏறி உட்காரும். தனியாக வாசிப்பவருக்கு அது சுகம், கூட்டத்தில் தொந்தரவு.

படலம் பூசிய பாஸ்பர் பிரான்ஸ் 12-53 என்று தீர்மானித்தேன். என் விரல் வியர்க்கும். சென்னையில் மாமியார் வீட்டுக்கு எடுத்துப் போனால் சாதாரணக் கம்பி ஒரே வாரத்தில் கறுத்துவிடுகிறது. பெங்களூரில் அவ்வளவு மோசமில்லை. இங்கே தொல்லை வேறு.

நடுவில் மார்ச் மாதம்

பங்குனி வெயிலில் பெங்களூர்க் காற்று எப்படி வறளும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஈரப்பத மீட்டர் மதியத்தில் 28 சதவீதம் காட்டியது. கிட்டார் செய்பவர்கள் கேட்பது 45 முதல் 55. உப்பியிருந்த மேல்பலகை இப்போது உள்வாங்கி, கம்பிகள் ஃப்ரெட்டில் மோதத் தொடங்கின. இந்த நிலையில் ஆக்‌ஷனை (கம்பியின் உயரத்தை) அளந்து சேடிலைத் தொட்டால், ஜூன் மழையில் எல்லா அளவும் மாறிவிடும்.

சோப்பு டப்பாவில் ஓட்டைகள் போட்டு, பிழிந்த ஸ்பாஞ்சை உள்ளே வைத்து, கிட்டார் பெட்டிக்குள் தலைப்பக்கம் ஒன்று, உடல்பக்கம் ஒன்று என வைத்தேன். மீட்டரையும் உள்ளேயே போட்டு மூடினேன். பெட்டிக்குள் 48 சதவீதத்தில் நிலைத்து, பலகை பழைய நிலைக்கு வரும்வரை வேறு எதையும் தொடவில்லை. பிறகு 12ஆவது ஃப்ரெட்டில் தடித்த இ கம்பியின் உயரம் 2.3 மி.மீ, மெல்லிய இ கம்பியின் உயரம் 1.8 மி.மீ. எனக்கு அது போதும். சேடில் தப்பித்தது.

எந்த வகைப் பிக்கப்

சவுண்ட் ஹோலில் மாட்டும் காந்தப் பிக்கப் முதலில். ஃபிஷ்மன் ரேர் எர்த், எல்.ஆர். பேக்ஸ் எம்80 எல்லாம் இந்த இனம். நண்பரிடம் ஒன்றை இரவல் வாங்கினேன். இதைப் பொருத்த எதையும் துளைக்க வேண்டாம், ஃபீட்பேக் ஊளைக்கும் எளிதில் மசியாது. ஆனால் வெண்கலம் காந்தத்துக்குக் கட்டுப்படாது. வெண்கலம் சுற்றிய தடித்த நான்கு கம்பிகளிலும் நடுவில் ஓடும் ஸ்டீல் இழையைத்தான் காந்தம் உணர்கிறது. சுற்றில்லாத பி கம்பியும் மெல்லிய இ கம்பியும் முழு ஸ்டீல். அதனால் பி கம்பியைத் தொட்டாலே மற்றவற்றுக்கு மேல் எகிறியது. மோனெல் செட் போட்டபோது இந்த ஏற்றத்தாழ்வு பாதியாகக் குறைந்தது. காந்தப் பிக்கப்தான் என்று முடிவெடுத்தவர்கள் நிக்கல் கலந்த கம்பியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எனக்குச் சத்தம் எலக்ட்ரிக் கிட்டார்ப் பக்கம் சாய்ந்தது போல் பட்டது. ஈட்டி மரத்துக்குக் கொடுத்த காசு அதில் எங்கேயும் கேட்கவில்லை.

அடுத்தது சேடிலுக்கு அடியில் போகும் பீசோ (அழுத்தத்தை மின் சிக்னலாக்கும் பொருள்) பட்டை. ஃபிஷ்மன் மேட்ரிக்ஸ், எல்.ஆர். பேக்ஸ் எலிமென்ட் போன்றவை. மேடைகளில் அதிகம் காணும் வகை இதுதான். சரியாகப் பொருத்தினால் தெளிவாக இருக்கும், பலமாக மீட்டினால் வாத்துக் குரல் எட்டிப் பார்க்கும். சிக்கல் பொருத்துவதில். சேடில் உட்காரும் காடியின் தரை சமமாக இருக்க வேண்டும், சேடிலின் அடியும் சமமாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு மேடு இருந்தால் அந்தக் கம்பி கத்தும், பக்கத்துக் கம்பி ஊமையாகும். குழு நண்பர் ஒருவருக்குக் கடையில் பொருத்திக் கொடுத்ததில் டி, ஜி கம்பிகள் சரியாகக் கேட்கவே இல்லை. அவர் பிக்கப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். பிரித்துப் பார்த்தேன். சேடிலின் அடி வாழைப்பழமாக வளைந்திருந்தது. தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 320 உப்புத்தாளை ஒட்டி, சேடிலின் அடியில் மார்க்கர் மை தடவி, மை முழுதும் சமமாக அழியும்வரை தேய்த்தோம். ஆறு கம்பியும் பேசின. பிக்கப் தொல்லை என்று வரும் புகார்களில் பாதி இந்தத் தரைதான் என்பது என் எண்ணம்.

என் கிட்டாரில் இதைச் செய்ய மனம் வரவில்லை. காடிக்குள் ஒயருக்குத் துளை போட வேண்டும், பட்டையின் தடிமன் அளவுக்கு நல்ல எலும்பைத் தேய்க்க வேண்டும். மிச்சம் இருந்த வழி, ப்ரிட்ஜுக்கு நேர் கீழே, உள்பக்கம், ப்ரிட்ஜ் பிளேட்டில் டிஸ்க் ஒட்டுவது. கே அண்ட் கே ப்யூர் மினி இந்த வகை. மூன்று சின்ன டிஸ்க்குகள், பேட்டரி இல்லை, கிட்டாருக்குள் சர்க்யூட் எதுவும் இல்லை. பத்தாயிரத்துக்குப் பக்கம் விலை. ஒருமுறை ஒட்டினால் எடுப்பது சிரமம். அதனால் முதலில் மலிவாக ஒத்திகை.

எஸ்.பி. ரோடு ஒத்திகை

எஸ்.பி. ரோட்டில் போய் பீசோ பிக்கப் என்று கேட்டால் யாருக்கும் புரியாது. பஸ்ஸர் டிஸ்க் என்று கேட்க வேண்டும். 27 மி.மீ பித்தளைத் தட்டு, நடுவில் வெள்ளைப் பீங்கான் வட்டம், ஒன்று பத்து ரூபாய். ஒரு டஜன் வாங்கினேன். உடைந்துபோகும் பொருள் என்பதால் கூடவே வாங்கிக்கொள்வது நல்லது. 15 மி.மீ அளவும் கிடைத்தது. பிறகு பார்த்தால் அதுதான் அதிகம் பயன்பட்டது, ஏனென்றால் எக்ஸ் பிரேஸுக்கும் ப்ரிட்ஜ் பின் ஓட்டைகளுக்கும் நடுவில் 27 மி.மீ தட்டுக்கு இடமே இல்லை.

ஈயம் வைக்கும்போது பீங்கான் பக்கத்தில் இரண்டு விநாடிக்கு மேல் சால்டரிங் அயனை வைக்கக் கூடாது. வெள்ளிப் பூச்சு உரிந்து வந்துவிடும். பித்தளைப் பக்கம் எர்த், பீங்கான் பக்கம் சிக்னல். ஷீல்ட் ஒயர் போட்டும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இருந்தது. டிஸ்க்கைப் பேப்பர் டேப்பால் சுற்றி, அதன்மேல் செம்புப் படலத்தைச் சுற்றி எர்த்தோடு இணைத்ததும் அடங்கியது.

அப்புறம் இடம் தேடும் வேலை. ஆடியோ இன்டர்ஃபேஸில் (கம்ப்யூட்டரில் பதிவு செய்ய உதவும் பெட்டி) செருகி, டிஸ்க்கை நகர்த்தி நகர்த்திப் பதிவு செய்தேன். மேல்பலகையின் வெளியே, ப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒட்டினால் நடுச் சுருதிகள் மூக்கடைத்தன. சவுண்ட் ஹோல் ஓரத்தில் ஒட்டினால் உடலில் தட்டும் சத்தம்தான் கம்பியைவிட அதிகம். உள்ளே ப்ரிட்ஜ் பிளேட்டில், சேடில் கோட்டுக்கு நேர் கீழே வைத்தபோதுதான் இது என் கிட்டார் என்று சொல்ல முடிந்தது. ஒரே ஒரு டிஸ்க்கை நடுவில் வைத்தால் டி, ஜி ஓங்கும், இரு ஓரமும் மெலியும். 15 மி.மீ மூன்றை, இ-ஏ நடுவில் ஒன்று, டி-ஜி நடுவில் ஒன்று, பி-இ நடுவில் ஒன்று என இணையாக இணைத்தால் சமமானது. விலை உயர்ந்த பிக்கப்பில் ஏன் மூன்று தலை என்பது அப்போது காதுக்கே புரிந்துவிட்டது.

எதை வைத்து ஒட்டுகிறோம் என்பதும் கேட்கிறது. தடித்த ஃபோம் டேப்பில் மேல் சுருதிகள் எல்லாம் செத்துப்போயின. மெல்லிய இருபக்க டேப் பரவாயில்லை. கெட்டியாக ஒட்டினால்தான் முழுச் சத்தமும் வரும்.

இந்த டிஸ்க்குகளையே நிரந்தரமாக விட்டிருக்கலாமே என்று கேட்கலாம். பதிவில் வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் என் ஷீல்டிங் தடிமனாக இருந்தது, ஒயர்கள் உள்ளே ஆடி மரத்தில் தட்டின. ஒரு லட்ச ரூபாய் கிட்டாருக்குள் பேப்பர் டேப் பொட்டலத்தை விட்டுவைக்க மனசு கேட்கவில்லை. மலிவான கிட்டாருக்கு என்றால் யோசிக்காமல் இதையே வைப்பேன்.

ஓட்டை

அமெரிக்காவிலிருந்து வந்த மச்சான் ப்யூர் மினியைக் கொண்டுவந்தார். ஒட்டுவதற்கு முன்னால், ஜாக் பொருத்த, பெல்ட் மாட்டும் எண்ட்பின் ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும். இந்த வேலை முழுவதிலும் திரும்பப் பெற முடியாதது இது ஒன்றுதான். ஜாக்கின் மரையை வெர்னியரில் அளந்தேன். 12 மி.மீக்குச் சற்றுக் கூட. இருந்த ஓட்டை அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

பக்கத்து வீட்டில் இருக்கும் ஆசாரி மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஈட்டிங்க சார். ட்ரில் போட்டா இழையோட பிளந்துடும். கையால சுரண்டுங்க" என்றார். எஸ்.ஜே.பி. ரோட்டில் கூம்பு வடிவக் கை ரீமர் ஒன்று 450 ரூபாய்க்கு வாங்கினேன். ஓட்டையைச் சுற்றி இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப். கிட்டாரைக் கட்டில் மேல் படுக்கவைத்து, ரீமரை அழுத்தாமல் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு அரை மில்லிமீட்டருக்கும் வெர்னியர் வைத்துப் பார்த்தேன். பக்கப் பலகை மெல்லியது, அதற்குப் பின்னால் இருக்கும் மரக்கட்டை தடித்தது. கூம்பு ரீமர் வெளிப்பக்கத்தை அகலமாகவும் உள்பக்கத்தைக் குறுகலாகவும் விடும். உள்பக்கத்தை வட்ட அரத்தால் நேராக்க வேண்டியிருந்தது. ஈட்டித் தூள் தோலையும் மூக்கையும் அரிக்கும், மாஸ்க் இல்லாமல் உட்காரக் கூடாது. மெதுவான வேலைதான், ஆனால் ஓரம் ஒரு சிராய் கூட உதிரவில்லை.

டிஸ்க் ஒட்டுவது அதைவிடப் பதற்றமானது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. கம்பிகளைக் கழற்றி, உள்ளே மொபைலின் முன் கேமராவை வைத்துப் ப்ரிட்ஜ் பிளேட்டைப் படம் எடுத்தேன். மேப்பிள் பலகை, பழைய கம்பிகளின் முனைக் குண்டுகள் பதிந்த தழும்புகளோடு. அட்டையில் ப்ரிட்ஜின் அச்சை வெட்டி, பின் ஓட்டைகளைத் துளைத்து, சேடில் கோட்டைக் குறித்து, அதை உள்ளே திருப்பி வைத்துப் பென்சிலால் மூன்று புள்ளிகள் வைத்தேன். பலகையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன். தண்ணியாக ஓடும் ஃபெவிக்விக் இந்த இடத்தில் ஆகாது, கையில் வழிந்துவிடும். ஜெல் வகைதான் வேண்டும். ஒரு பருக்கை அளவு. பசை இல்லாமல் கையை உள்ளே விட்டு ஒத்திகை பார்த்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக அழுத்தி நிமிடக்கணக்கில் பிடித்தேன். கம்பிகளை மறுபடி மாட்டும்போது குண்டுகள் டிஸ்க்கில் முட்டாமல் பின் ஓட்டையோடு நிற்கின்றனவா என்று கேமராவில் இன்னொருமுறை பார்த்தேன்.

வீட்டில் அருமை, தேவாலயத்தில் ரேடியோ

இன்டர்ஃபேஸில் கேட்டபோது அவ்வளவு சந்தோஷம். அடுத்த ஒத்திகையில் மிக்சரின் லைன் இன்புட்டில் செருகியதும் அடிச் சத்தம் மொத்தமும் காணோம். "என்ன தம்பி, ரேடியோ மாதிரி வருது?" என்றார் சவுண்ட் அண்ணன்.

காரணம் பிக்கப் இல்லை, மிக்சர். பீசோ என்பது மின்தேக்கி. மல்டிமீட்டரில் என் 27 மி.மீ டிஸ்க் ஒன்று 20 நானோஃபாரட்டை ஒட்டிக் காட்டியது. அதை 10 கிலோ ஓம் லைன் இன்புட்டில் செருகினால் சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் சரியத் தொடங்கும். தடித்த இ கம்பியின் அடிப்படைச் சுருதி 82 ஹெர்ட்ஸ், மெல்லிய இ கம்பியே 330தான். அதாவது கிட்டாரின் உடல் முழுக்க வெட்டுப்படுகிறது. இன்டர்ஃபேஸின் கிட்டார் இன்புட் 1 மெகா ஓம். அங்கே அந்த வெட்டு 8 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், காதுக்கே வராது. பிராண்ட் எதுவானாலும் இப்படி ஒட்டும் பேசிவ் (பேட்டரி இல்லாத) பீசோவுக்கு இதே கதைதான்.

நல்ல டிஐ ப்ரீஆம்ப் (பிக்கப் சிக்னலை மிக்சருக்கு ஏற்றதாக்கும் பெட்டி) வாங்கினால் முடிந்துவிடும், விலை பிக்கப்பைத் தாண்டும். நான் டிஎல்072 ஒன்றை வைத்து, பிக்கப்புக்கும் மிக்சருக்கும் நடுவில் நிற்கும் ஒரு பஃபர் சர்க்யூட் கட்டினேன். 20 ரூபாய் ஐசி. 9 வோல்ட் பேட்டரி, நடு வோல்டேஜுக்கு 100 கிலோ ஓம் இரண்டு, அதோடு 47 மைக்ரோஃபாரட். இன்புட்டில் 100 நானோஃபாரட் மைலார் கெபாசிடர், 2.2 மெகா ஓம் ரெசிஸ்டர். ஐசிக்குள் இரண்டு ஆம்ப் இருக்கிறது. ஒன்று பஃபர், மற்றதை இன்வெர்ட்டராக்கி, நேர் சிக்னலா தலைகீழ் சிக்னலா என்று மாற்ற ஒரு டாகிள் சுவிட்ச் வைத்தேன். இன்புட் ஜாக் ஸ்டீரியோ வகை. பேட்டரியின் மைனஸை அதன் நடு வளையத்தில் இணைத்துவிட்டால் ஒயரைப் பிடுங்கியதும் பேட்டரி அணைந்துவிடும். வெரோ போர்டில் கட்டி, பழைய தகர மிட்டாய் டப்பாவில் அடைத்தேன். தகரத்தை எர்த்தோடு சேர்த்தால் ஷீல்டிங்கும் ஆயிற்று.

பஃபரிலிருந்து தேவாலயத்தில் சும்மா கிடந்த பேசிவ் டிஐ பாக்ஸுக்கு, அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிளில் மிக்சருக்கு. அடிச் சத்தம் முழுதாகத் திரும்பியது. கூடவே ஊளையும்.

ஊளையை அடக்கியது

இந்த வகைப் பிக்கப் பலகையின் அதிர்வையே கேட்கிறது. பலகையோ ஸ்பீக்கரைக் கேட்கிறது. ஊளை எதில் வருகிறது என்று தெரியாமல் ஈக்வலைசரை உருட்டினால் நல்ல சத்தமும் போய்விடும். ஆளில்லாத நேரத்தில் அண்ணனைக் கெயினை மெல்ல ஏற்றச் சொல்லி, மொபைலில் ட்யூனர் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டேன். முதல் ஊளை ஜி ஷார்ப்பை ஒட்டி, 104 ஹெர்ட்ஸ் அளவில். அது உடலுக்குள் இருக்கும் காற்றின் சுருதி. பழைய யோகா மேட்டை வட்டமாக வெட்டி சவுண்ட் ஹோலில் செருகியதும் ஓய்ந்தது. அடுத்தது 196 ஹெர்ட்ஸ் ஜி, மேல்பலகையின் சுருதி. மிக்சரில் நகர்த்தக்கூடிய மிட் குமிழ் இருந்ததால் அந்த இடத்தில் மட்டும் 5 டெசிபல் குறைத்தோம். அடிச் சுருதிகளை வெட்டும் லோ கட் போட்டோம். தலைகீழ் சுவிட்சைத் தட்டிப் பார்த்ததில் இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்தது. நான் நிற்கும் இடத்தையும் தூண் ஸ்பீக்கருக்கு நேரே இல்லாமல் இரண்டடி தள்ளிக்கொண்டேன். எதுவுமே செய்யாமல் இது ஒன்றை மட்டும் செய்திருந்தாலே பாதி குறைந்திருக்கும்.

கம்பி, இரண்டாம் சுற்று

இப்போது ஒரு புதுக் குறை. வீட்டில் அத்தனை யோசித்துத் தேர்ந்தெடுத்த பாஸ்பர் பிரான்ஸ், பெரிய கூடத்தில் இந்தப் பிக்கப் வழியாகக் கொழகொழவென்று இருந்தது. ப்ரிட்ஜ் பிளேட்டில் ஒட்டும் பிக்கப்புக்கு இயல்பிலேயே நடுச் சுருதிகள் தடிமன். கூடத்தின் எதிரொலியும் அதே இடத்தில்தான் சேர்கிறது. அதோடு சூடான கம்பியும் சேர்ந்தால் கார்டு மாறுவதே தெரியவில்லை. வீட்டில் காதைக் கூசவைத்ததால் ஒதுக்கிய 80/20இலேயே படலம் பூசியது ஒன்றை, அதே 12-53இல் போட்டேன். ஈக்வலைசரில் எதையும் தொடாமலே தெளிந்தது. வீட்டில் குத்திய அந்தப் பளிச்சை இந்தப் பிக்கப் பாதியாகக் குறைத்துத்தான் அனுப்புகிறது. ஆல்டோவுக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு, ஆனா பழைய கம்பிதான் நல்லா இருந்துச்சு" என்று பதில் வந்தது.

சேடில் பட்டைப் பிக்கப்பாக இருந்தால் நான் எதிர்ப்பக்கம் போயிருப்பேன். அது தானே கூர்மையானது, பாஸ்பர் பிரான்ஸ்தான் அதற்குப் பொருந்தும். படலம் பூசிய கம்பி மட்டும் எந்தப் பிக்கப்புக்கும் நல்லது. விரல் நகரும்போது வரும் கீச்சொலியைப் பீசோ ஊதிப் பெரிதாக்கும், படலம் அதைக் கணிசமாகக் குறைக்கிறது.

செலவு: ஒத்திகைக்கு வாங்கிய கம்பிகள் எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குக் கிட்ட. அதில் பாதி வீண். பிக்கப் பத்தாயிரத்துக்குப் பக்கம். ரீமர் 450. பஸ்ஸர் டிஸ்க், ஷீல்ட் ஒயர், செம்புப் படலம் எல்லாம் சேர்த்து 400. பஃபர் ஜாக்குகளோடு 300க்குள் முடிந்தது.

இன்னொரு கிட்டாருக்குச் செய்தால், முதலில் பஃபரைக் கட்டி, பஸ்ஸர் டிஸ்க்கை டேப்பில் ஒட்டி, வாசிக்கப்போகும் கூடத்துக்கே எடுத்துப் போய் அந்த ஸ்பீக்கரில் கேட்பேன். பிக்கப் முடிவான பிறகுதான் கம்பிக்குக் காசு கொடுப்பேன். ரீமரும் கூம்பாக இல்லாமல், நேர் ஓட்டை போடும் வகையைத் தேடுவேன். பஃபர் டப்பாவில் பேட்டரி விளக்கு வைக்கவில்லை. டிஎல்072 இரண்டு ஆம்புக்கும் சேர்த்து 3 மில்லிஆம்பியர் அளவே எடுப்பதால் ஒரு பேட்டரி நூறு மணி நேரத்துக்கு மேல் ஓடும், ஒயரைப் பிடுங்க மறக்காத வரை.